விஷக் காய்ச்சலும் வீண் வதந்தியும்

உலக வரலாற்றில் மனித இனத்தை வாட்டிய கொள்ளை நோய்களுள் மிகக் கொடியவற்றில் ஒன்று 1918-ஆம் ஆண்டின் இன்புளுயென்சாக் காய்ச்சல். ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. ஆனால் அந்நோய் ஸ்பெயின் நாட்டில் தோன்றியதற்குச் சான்று எதுவும் இல்லை. பின் ஏன் அந்தப் பெயர்?

அப்பொழுது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் ஈடுபட்ட நாடுகள், தங்கள் படைவீரர் நோயில் விழுந்து மடிவதைப் பகைவர் அறியலாகாது என்று எண்ணி, செய்தித்தாள்களுக்கு வாய்ப்பூட்டு இட்டிருந்தன. ஸ்பெயினோ போரில் சேராது நடுநிலை வகித்த நாடு. அங்கே செய்தித்தாள்கள் உள்ளதை உள்ளபடி எழுதின. அந்நாட்டு மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ காய்ச்சலில் படுத்ததும் வெளிப்படையாக அச்சேறியது. உண்மையைச் சொன்ன நாட்டின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. மறைத்த நாடுகள் தப்பித்துக்கொண்டன. நோயைப் பற்றிய செய்தி எவ்வளவு எளிதாகத் திரிந்துவிடும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நம் இல்லங்களின் கதவைத் தட்டும் இக்காய்ச்சலைப் பற்றி நாம் சரியாக அறிந்திருக்கிறோமா? அறிந்தவை எங்கிருந்து வந்தன? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் நாடு கண்ட பேரிழப்பு

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் பணிபுரிந்த காவலர் சிலர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நம் நாட்டில் நோய் நுழைந்த வாயில் அதுவே. முதல் அலை ஓரளவு மென்மையாகக் கடந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ காட்டுத்தீயாயிற்று. இருப்புப்பாதை சென்ற ஊர்களுக்கெல்லாம் நோயும் சென்றது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. பசியால் மெலிந்திருந்த உடல்கள் நோயைத் தாங்கவில்லை. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் இரண்டு கோடி வரை மக்கள் மாண்டனர் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர். பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணங்களும் அடைந்த இழப்பு மிகப் பெரிது; சென்னை மாகாணத்தில் அது குறைவாகவே இருந்தது. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் இந்திய மக்கள்தொகை கூடுவதற்கு மாறாகக் குறைந்தது என்பது குடிக்கணக்கு காட்டும் உண்மை. இந்நாட்டின் குடிக்கணக்கு வரலாற்றில் அத்தகைய பத்தாண்டு வேறில்லை.

உலகெங்கும் இறந்தோர் ஐந்து கோடிக்குக் குறையார் என்பர். முதியோரையும் சிசுக்களையும் மட்டுமே மிகுதியாகத் தாக்கும் வழக்கத்தை விட்டு, இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்களையும் அந்நோய் கொண்டு சென்றது. பாத்திமாவில் அன்னையின் காட்சியைக் கண்ட மூன்று சிறாருள் இருவரை நம் வாசகர்கள் அறிவர். பிரான்சிஸ்கோ 1919-ஆம் ஆண்டு ஏப்ரலிலும், அவன் தங்கை ஜசிந்தா 1920-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் இறந்தனர். இருவரையும் வீழ்த்தியது இந்தக் காய்ச்சலும் அதன் பின்விளைவுகளுமே.

இரண்டு நகரங்கள், இரண்டு வழிகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் போர்க்கடன் பத்திரங்களுக்கு ஆதரவு திரட்டும் பேரணி ஒன்று நடந்தது. நகரில் காய்ச்சல் பரவத் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் சிலர் எச்சரித்தும் பேரணி நிறுத்தப்படவில்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் தெருக்களில் நெருக்கி நின்றனர். சில நாள்களுக்குள் மருத்துவமனைகள் நிரம்பின. சில வாரங்களுக்குள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ‘அஞ்ச வேண்டியதில்லை’ என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தனர். கண்முன் பிணங்களைக் கண்ட மக்கள் அந்தச் சொல்லை நம்பவில்லை. பொய்யான ஆறுதல் அச்சத்தைக் குறைக்கவில்லை, பெருக்கிவிட்டது.

அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் சுகாதார அதிகாரியாயிருந்த மாக்ஸ் ஸ்டார்க்லாஃப், நோய் தலைகாட்டியவுடன் பள்ளிகள், நாடக அரங்குகள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றை மூடச் செய்தார். காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார். எதிர்ப்புகள் எழுந்தன. ஆயினும் அந்நகரின் இறப்பு விகிதம் பிலடெல்பியாவினதில் ஏறத்தாழப் பாதியளவே இருந்தது.

பிலடெல்பியாவின் துயரிலும் ஓர் ஒளிக்கீற்று உண்டு. செவிலியர் இன்றி நகரம் தவித்தபொழுது, பேராயர் டெனிஸ் டோகர்ட்டி துறவுமடங்களின் கதவுகளைத் திறந்துவிட்டார். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அருட்சகோதரியர் மருத்துவமனைகளுக்கும் ஏழைகளின் இல்லங்களுக்கும் சென்றனர். அவர்களுள் பலர் பள்ளி ஆசிரியைகள். செவிலியர் பயிற்சி பெறாதவர்கள். நோயாளிக்கு நீர் கொடுத்தல், உணவூட்டல், துணி மாற்றுதல், அறையைத் தூய்மை செய்தல் ஆகிய எளிய பணிகளையே அவர்கள் செய்தனர். மருந்து இல்லாத நோயில் பராமரிப்பே மருந்து என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். குருமாணவர்களோ கல்லறைத் தோட்டங்களில் குழி தோண்டினர்.

கிருமியைக் கண்ட கதை

‘இன்புளுயென்சா’ என்பது இத்தாலியச் சொல். ‘செல்வாக்கு’ என்பது அதன் பொருள். விண்மீன்களின் தீய செல்வாக்கே காய்ச்சலுக்குக் காரணம் என்று முன்னோர் நம்பியதால் எழுந்த பெயர் அது. 1892-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பைஃபர், நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே காரணம் என்று அறிவித்தார். பெரும் அறிஞரின் கூற்றாதலால் உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1918-இல் தயாரிக்கப்பட்ட தடுப்பூசிகள் பலவும் பாக்டீரியாக்களுக்கு எதிராகவே அமைந்தன. நோயைத் தடுக்க அவை உதவவில்லை.

1933-ஆம் ஆண்டில்தான் இலண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் உண்மையைக் கண்டனர். நோயாளிகளின் தொண்டை நீரை, பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்து, கீரிப்பிள்ளையைப் போன்ற ஃபெரட் என்னும் சிறு விலங்கின் மூக்கில் இட்டனர். விலங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது. நோயுற்ற ஃபெரட் ஒன்று ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவருக்கும் காய்ச்சல் வந்தது! வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்ணிய வைரஸே நோய்க்குக் காரணம் என்பது உறுதியாயிற்று.

இதிலிருந்து ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவ அறிவியல் தவறே செய்யாது என்பதற்காக நாம் அதனை நம்புவதில்லை. தன் தவற்றைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்ளும் முறை அதனிடம் இருப்பதாலேயே நம்புகிறோம்.

சட்டை மாற்றும் வைரஸ்

ஒரு முறை அம்மை கண்டவருக்கு மறுமுறை பெரும்பாலும் அது வருவதில்லை. இன்புளுயென்சா மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அந்த வைரஸின் மேற்புறத்தில் இருவகைப் புரத முட்கள் உள்ளன. நம் உடலின் காவற்படை, அந்த முட்களைக் கொண்டே பகைவனை அடையாளம் காண்கிறது. வைரஸ் பெருகும்பொழுதெல்லாம் அதன் மரபுப் பொருளில் சிறுசிறு பிழைகள் நேர்கின்றன. முட்களின் வடிவம் சிறிது சிறிதாக மாறுகிறது. சென்ற ஆண்டு வந்தவன் இவ்வாண்டு வேறு சட்டை அணிந்து வந்தால் காவலாளி ஏமாந்துபோவது இயல்பே அன்றோ?

இன்னொரு மாற்றமும் உண்டு. இவ்வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. பறவையின் வைரஸும் மனிதனின் வைரஸும் ஓர் உயிரின் உடலில் ஒரே சமயத்தில் புகுந்தால், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல அத்துண்டுகள் கலந்து முற்றிலும் புதிய வைரஸ் ஒன்று பிறக்கலாம். அதனை எதிர்க்கும் ஆற்றல் மக்களிடையே இராது. 1957, 1968 ஆகிய ஆண்டுகளில் உலகைச் சுற்றிய காய்ச்சல்கள் அவ்வாறு தோன்றியவையே.

சென்னைக்கு வந்த கப்பல்

1957-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹாங்காங்கில் பல்லாயிரவர் காய்ச்சலுற்று மருத்துவமனை வாயில்களில் நிற்பதாக ஒரு நாளிதழில் வந்த செய்தியை அமெரிக்க அறிஞர் மாரிஸ் ஹில்மன் படித்தார். இது சாதாரணக் காய்ச்சலன்று என்று ஐயுற்று, அங்கிருந்து மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். புதிய வைரஸ் என்பது தெளிவாயிற்று. அவர் விரைவுபடுத்தியதால் சில மாதங்களுக்குள் அந்நாட்டில் ஏறத்தாழ நான்கு கோடித் தடுப்பூசிகள் தயாராயின. நேர்மையாக எழுதப்பட்ட ஒரு பத்திரிகைச் செய்தி எத்தனை உயிர்களைக் காக்கிறது, பாருங்கள்!

அதே ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த கப்பலில் காய்ச்சலுற்ற பயணிகள் இருந்தனர். அவ்வழியாகவே புதிய வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது. பன்னிரண்டு வாரங்களுக்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை அரசுக் கணக்கில் பதிவான நோயாளிகள் 44 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். பதிவான இறப்புகள் ஏறத்தாழ 1,100. நம் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்புளுயென்சா மையம் அந்நோயை ஆராய்ந்த பெருமைக்குரியது.

சளியா, இன்புளுயென்சாவா, டெங்குவா?

நம் மக்கள் பல காய்ச்சல்களையும் ‘விஷக் காய்ச்சல்’ என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். செய்தித்தாள்களும் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதிவிடுகின்றன. பெயர் கலந்தால் மருத்துவமும் கலந்துவிடும். ஆதலின் வேறுபாடுகளை அறிதல் நலம்.

சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் மிகும், காய்ச்சல் இராது, அல்லது இலேசாக இருக்கும். இன்புளுயென்சாவோ திடீரென்று தாக்கும். காலையில் நலமாக வேலைக்குச் சென்றவர் மாலையில் குளிர்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல், பெரும் சோர்வு ஆகியவற்றுடன் படுக்கையில் விழுவார். கிருமி புகுந்து ஏறத்தாழ இரண்டு நாள்களில் நோய் வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். பின்னர் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் நீங்கினாலும் இருமலும் சோர்வும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ நீடிக்கக்கூடும்.

டெங்குவிலும் திடீர்க் காய்ச்சலும் உடல்வலியும் உண்டு. ஆனால் இருமலும் தொண்டைவலியும் அதில் பெரும்பாலும் இரா. கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் செந்தடிப்பு, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு ஆகியவை தோன்றலாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நாளிலேதான் அபாயம் தொடங்கும் என்பதை மறக்கலாகாது. எலிக் காய்ச்சல், மலேரியா, டைபாய்டு ஆகியவையும் நம்மிடையே உள்ளன. எனவே மூன்று நாள் கடந்தும் காய்ச்சல் நீடித்தால் ஊகத்தை விட்டு மருத்துவரை நாடுவதே முறை.

இல்லத்தில் செய்யத் தக்கவை

உடல்நலம் உள்ளவர்க்கு வரும் எளிய இன்புளுயென்சாவிற்குப் பரிசோதனையோ சிறப்பு மருந்தோ தேவையில்லை, ஓய்வும் பராமரிப்புமே போதும் என்று மத்திய சுகாதார அமைச்சின் வழிகாட்டுதலே கூறுகிறது. நோயாளியைக் காற்றோட்டமுள்ள தனியிடத்தில் படுக்க வைக்க வேண்டும். கஞ்சி, இளநீர், மோர், கொதித்து ஆறிய நீர் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். பராமரிப்பவர் முகக்கவசம் அணிந்து, சோப்பிட்டு இருபது வினாடியேனும் கைகழுவ வேண்டும். இருமும்பொழுது கைக்குட்டையாலோ முழங்கையின் உட்புறத்தாலோ வாயை மூடிக்கொள்ளச் சிறுவர்க்குப் பழக்க வேண்டும். மருந்தின்றியே காய்ச்சல் நீங்கி ஒரு முழுநாள் கழியும்வரை பள்ளிக்கும் பணிக்கும் செல்லலாகாது. ஆலயத்திற்கும் அவ்வாறே. நோயுற்றவர் ஞாயிறு திருப்பலிக் கடனிலிருந்து விலக்குப் பெற்றவர் என்பது திருச்சபையின் பழைய போதனை. இருமிக்கொண்டே முதல் வரிசையில் அமர்வது பக்தியாகாது. அருகிலிருக்கும் முதியவருக்குச் செய்யும் தீங்காகும்.

காய்ச்சல் தணிய பாராசிட்டமால் தக்கது. பெரியவர்கள் ஒரு நாளில் எவ்வகையிலும் நான்கு கிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது. கல்லீரல் நோயுள்ளவரும் மது அருந்துபவரும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமாலே கலந்திருக்கிறது. பெயர் வேறென்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும். குழந்தைகளுக்கோ வயதைக் காட்டிலும் உடல் எடையே அளவுகோல். சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இன்புளுயென்சாவின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய, கொடிய நோயைத் தூண்டக்கூடும். டெங்குவாக இருந்துவிட்டால் ஆஸ்பிரின், ஐபுபுரூபன் இரண்டும் இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்வன. வைரஸை ஒன்றும் செய்யா. இன்புளுயென்சாவின் பின்னே பாக்டீரியாவால் நிமோனியா வந்தால் மருத்துவர் அவற்றைத் தருவார். நாமே வாங்கி இரண்டு நாள் விழுங்கி நிறுத்துவது, கிருமிகளுக்கு அம்மருந்தை எதிர்க்கப் பயிற்சி கொடுப்பதாகும். இன்புளுயென்சாவிற்கென்றே உள்ள ஓசல்டாமிவிர் என்னும் மருந்து, நோய் தொடங்கி இரண்டு நாள்களுக்குள் கொடுத்தால் மிகுந்த பயன் தரும். அபாயம் மிக்கவர்க்கு அதனைத் தர வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

சுக்கு, மிளகு, துளசி சேர்த்த கஷாயம் தொண்டைக்கு இதம் தரலாம். அதனைக் குறைகூற வேண்டியதில்லை. அது வைரஸைக் கொல்லும் என்று நம்பி மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிப்பதே குறை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பதும், சிறுவரைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே ஆவி பிடிக்க வைப்பதும் ஆபத்தானவை.

காத்திருக்கக் கூடாத வேளை

கருவுற்ற தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இதயம், நுரையீரல், சிறுநீரகம் தொடர்பான நோயுள்ளவர்கள் ஆகியோர்க்கு இக்காய்ச்சல் எளிதில் கடுமையாகும். இவர்கள் முதல் நாளிலேயே மருத்துவரைக் காண்பது நலம்.

மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடு நீலம் பாய்தல், மனக்குழப்பம், வலிப்பு, நீரும் குடிக்க இயலாமை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நலமாகி வந்தவர்க்குக் காய்ச்சலும் இருமலும் மீண்டும் திரும்பினால் அது நிமோனியாவின் அறிகுறியாகலாம். குழந்தை அமைதியாயிருக்கும்பொழுது ஒரு நிமிடம் முழுவதும் அதன் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ மிஞ்சினாலோ, அல்லது மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, இரவென்றும் பகலென்றும் பாராமல் புறப்பட வேண்டும். கடிகாரம் ஒன்றே இதற்குத் தேவையான கருவி.

தடுப்பூசியைப் பற்றி

வைரஸ் சட்டை மாற்றுவதால் தடுப்பூசியும் ஆண்டுதோறும் மாற வேண்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 1952-ஆம் ஆண்டு முதல் நாடுகள் பலவற்றின் ஆய்வுக்கூடங்களை இணைத்து இவ்வைரஸைக் கண்காணித்து வருகிறது. நம் நாட்டின் பங்காளி புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அறிஞர்கள் கூடி அடுத்த பருவத்தின் தடுப்பூசியில் எவை இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்கின்றனர்.

இத்தடுப்பூசி முழுக் காப்பு அன்று. வைரஸும் ஊசியும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில் நோயுறும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். நோய் வந்தாலும் கடுமையைத் தணிக்கும். பயன் தர இரண்டு வாரமாகும். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ்; ஆதலின் ஊசியாலேயே இன்புளுயென்சா வந்தது என்பது உண்மையன்று. ஒருநாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் வரலாம்.

1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் படைமுகாம் ஒன்றில் புதிய வைரஸ் தோன்றியதால் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர்க்கு அவசரமாகத் தடுப்பூசி போடப்பட்டது. அஞ்சிய கொள்ளை நோய் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டவருள் ஏறத்தாழ இலட்சத்தில் ஒருவருக்கு நரம்புத் தளர்ச்சி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. உடனே திட்டம் நிறுத்தப்பட்டது. விவரம் முழுவதும் வெளியிடப்பட்டது. இதனை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தன் கணக்கிலுள்ள நட்டத்தையும் காட்டும் வணிகனையே நாம் நம்புகிறோம். நன்மையை மட்டுமே பேசும் மருந்து விளம்பரத்தையும், தீமையை மட்டுமே பேசும் வதந்தியையும் ஒருங்கே ஐயுறுவதே அறிவுடைமை.

பன்றிகள் செய்த பாவம் என்ன?

2009-ஆம் ஆண்டில் எச்1என்1 என்னும் புதிய வைரஸ் உலகைச் சுற்றியது. ‘பன்றிக் காய்ச்சல்’ என்று பெயர் பரவியதால் பன்றியிறைச்சி உண்டால் நோய் வரும் என்று மக்கள் அஞ்சினர். நோய் பரவியதோ மனிதரிடமிருந்து மனிதருக்கு, இருமலாலும் தும்மலாலும். ஆயினும் எகிப்து நாட்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பன்றிகளைக் கொல்ல அரசு ஆணையிட்டது. அவற்றை வளர்த்துப் பிழைத்தவர்கள் கெய்ரோ நகரின் குப்பையைச் சேகரிக்கும் ஏழைக் கிறிஸ்தவர்கள். உணவுக்கழிவைத் தின்று தீர்த்த பன்றிகள் இல்லாமற் போகவே, நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. நோயோ நிற்கவில்லை. ஒரு தவறான பெயர் ஏழைகளின் அடுப்பை அணைத்தது; வேறு பயன் விளையவில்லை.

செய்தியைச் சோதிப்பது எப்படி?

முன்பு வதந்தி திண்ணைக்குத் திண்ணை நடந்தது. இன்று கைப்பேசி வழியே கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டம் கடக்கிறது. இல்லத்தரசி ஒருவர் ஐந்து வினாக்களைக் கேட்டாலே பெரும்பாலான பொய்கள் உதிர்ந்துவிடும்.

முதலாவது, சொல்பவர் யார்? ‘பிரபல மருத்துவர் ஒருவர் கூறுகிறார்’ என்று பெயரும் பணியிடமும் இல்லாமல் வருவது மொட்டைக் கடிதத்திற்கு ஒப்பாகும். இரண்டாவது, எப்பொழுது, எந்த ஊரைப் பற்றிச் சொன்னது? பழைய ஆண்டின் செய்தி நாள் குறிக்கப்படாமல் மீண்டும் மீண்டும் உலா வருவதுண்டு. மூன்றாவது, இதனால் ஆதாயம் அடைபவர் யார்? செய்தியின் முடிவில் ஒரு மருந்தின் விலை இருந்தால் எச்சரிக்கையாயிருங்கள். நான்காவது, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, எவர்க்கும் தீங்கில்லை, மூன்றே நாளில் குணம் என்று அது உறுதி கூறுகிறதா? நேர்மையான மருத்துவர் அவ்வாறு பேசுவதில்லை. எப்போது மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்வார். ஐந்தாவது, தொடர்பில்லாத வேறோர் இடத்தில் அதே செய்தி உறுதிப்படுகிறதா? ஒரே செய்தியைப் பத்துப் பேர் அனுப்புவது பத்துச் சாட்சியாகாது. அது ஒரே குரலின் எதிரொலியே.

எண்களையும் எடைபோட வேண்டும். ‘நூறு பேர் இறந்தனர்’ என்றால், எத்தனை பேரில் நூறு, எத்தனை நாளில் நூறு என்று கேட்பது அவசியம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு கோடிப் பேர் இன்புளுயென்சாவால் நோயுறுகின்றனர் என்றும், மூச்சுறுப்பு நோயால் அதன் வழி இறப்போர் 2,90,000 முதல் 6,50,000 வரை என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர் என்பதும் உண்மை. இலட்சக்கணக்கானோர் இறக்கின்றனர் என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி உண்மையே சொல்கிறார்.

யாரிடம் கேட்பது?

நமக்கு மிக அருகில் உள்ளவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவரை அடுத்து ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் உள்ளன. தமிழகத்தில் 104 என்ற தொலைபேசி எண்ணில் உடல்நலம் பற்றிய ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. அவசர ஊர்திக்கு 108. அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மத்திய சுகாதார அமைச்சு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் அறிக்கைகள் எவரும் காணத் திறந்தே கிடக்கின்றன. ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் அவற்றைப் படித்துப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தமிழில் விளக்குவது நல்ல தொண்டாகும். பங்கில் மருத்துவரோ செவிலியரோ இருந்தால், மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிறு மாலை ஆலய முற்றத்தில் அவரைப் பேசச் சொல்லி ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளலாம். ‘எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்று அவர் எங்கேனும் ஓரிடத்தில் சொன்னால், அவரை இன்னும் சற்று மிகுதியாக நம்பலாம்.

நோயாளியின் அருகே அமர்ந்து நீர் கொடுப்பது அன்பின் செயல். ஆராயாத செய்தியை அடுத்த வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பதும் அன்பின் செயலே. அடுத்த மழைக்கு முன்பாக, இல்லத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஓரத்தில் குழந்தையின் மூச்சு எண்ணிக்கையையும், 104, 108 ஆகிய இரு எண்களையும் எழுதி வையுங்கள். நள்ளிரவில் குழந்தையின் உடல் நெருப்பாய்க் கொதிக்கும்போது, எங்கே தேடுவது என்று நீங்கள் தவிக்க வேண்டியிராது.